பீட மாணவர் ஒன்றியச் செயலாளருக்கு நிற்க என்ன தயாரிப்பு வேண்டும்?

கொட்டாஞ்சேனை_பெடியன்:
கொழும்புப் பல்கலைக்கழகம், கலைப்பீடம், இரண்டாம் வருடம், தமிழ்மொழிமூலம். அடுத்த பீட மாணவர் ஒன்றியத் தேர்தலில் செயலாளருக்கு நிற்கலாம் என்று யோசனை. சிங்களம் நன்றாகக் கதைப்பேன், எழுத்து மட்டம்தான். நியமனப் பத்திரம் எங்கே பிழைக்கும்? தமிழ் வாக்கை மட்டும் நம்பி நிற்கலாமா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெள்ளவத்தை_அக்கா:
தம்பி, போஸ்டரைப் பற்றி யோசிக்க முதல் ஒன்றியத்தின் யாப்பை, அதாவது அதன் விதிமுறைப் புத்தகத்தை, எடுங்கோ. மாணவர் விவகாரப் பிரிவில் அல்லது பீட அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கோ. வட்ஸ்அப்பில் சுற்றுகிற பிரதி திருத்தத்துக்கு முந்தியதாக இருக்கலாம், திகதியைப் பார்க்காமல் நம்பாதேங்கோ. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்திலும் மாணவர் ஒன்றியங்கள் பற்றிய பகுதி இருக்கு, அதையும் ஒருக்கா வாசியுங்கோ.

யாப்பில் எந்த வருடத்தவர் எந்தப் பதவிக்கு நிற்கலாம், முன்மொழிபவருக்கும் வழிமொழிபவருக்கும் என்ன தகுதி, வாபஸ் பெறக் கடைசி நேரம் எது, சம வாக்கு வந்தால் என்ன செய்வது என்ற இடங்களுக்குக் கோடு போட்டு வையுங்கோ. சண்டை வந்தால் அனேகமாக இந்த நாலில் ஒன்றில்தான் வரும்.

பத்திரம் தள்ளுபடியாவது பெரும்பாலும் சின்ன விஷயத்தால். பீடப் பதிவேட்டில் பெயர் எப்படி இருக்கோ எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதவேணும். தகப்பன் பெயர் முன்னுக்கா பின்னுக்கா, முதலெழுத்து எத்தனை என்பதில்தான் எங்கட ஆட்களுக்குத் தடுமாற்றம். மாணவர் அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கோ. அடுத்தது, முன்மொழிந்தவர் அதே பதவிக்கு இன்னொருவருக்கும் கையொப்பம் வைத்திருப்பார். கேட்டால் ‘கூட்டாளி கேட்டான், போட்டேன்’ என்பார். அதனால் இரண்டு பத்திரம் எடுத்து, வேறு வேறு ஆட்களைக் கொண்டு நிரப்பி, ஒன்றைக் கைவசம் வையுங்கோ. அந்த ஆட்கள் இந்த வருடப் பதிவைப் புதுப்பித்தவர்களா என்றும் பாருங்கோ. முடிவு நேரத்துக்கு முதல் நாளே கொடுத்து, பிரதியில் நேரம் எழுதி ஒப்பம் வாங்காமல் அந்த இடத்தை விட்டு வரவேண்டாம்.

பதுளைவாசி:
அக்கா சொன்னது சரி. ஆனால் பத்திரம் கொடுக்கிறதுக்கு முன்னமே பாதி முடிவு ஆகிடும் தம்பி. பட்ச் கூட்டங்களில் பனல், அதாவது யார் எந்தப் பதவிக்கு என்ற கூட்டுப் பட்டியல், பேசி, எதிர்த்து ஆள் இல்லாமலே பதவி போறதும் உண்டு. யார் யாரோடு பேசிக்கொண்டு இருக்காங்க என்று தெரியாமல் நியமன நாளில் தனியாகப் போய் நின்றால், அன்றைக்கே தெரியும் கதை.

வாக்குக் கணக்கைத் தாளில் போடுங்க. கணக்குக்காகப் பீடத்தில் 600 வாக்கு என்று வைப்போம். 60 வீதம் போட்டால் 360. இருவர் போட்டியிட்டால் 181 வேணும். மூவர் என்றால் 121இலும் வெல்லலாம், ஆனால் அதை நம்பக்கூடாது, 150ஐக் குறி வையுங்க. தமிழ்மொழிமூலத்தில் 140 பேர் இருந்தாலும் 140ம் விழாது. வாக்களிப்பு நாளில் வகுப்பு இல்லை என்றால் வீட்டுக்கு பஸ் ஏறுறவங்க உண்டு, ஊர் தூரம். ஆகவே தமிழ் வாக்கை மட்டும் நம்பி நிற்க ஏலாது. வேறு எங்கேயிருந்து 60, 70 வரும் என்று பெயர் பெயராகச் சொல்லத் தெரியணும்.

சிங்கள மாணவர் முகத்துக்கு நேரே கேட்காத ஒரு கேள்வி இருக்கு: பீடாதிபதிக்குக் கடிதமும் கூட்ட அறிக்கையும் சிங்களத்தில் யார் எழுதுவார்? நியாயமான கேள்வி. செயலாளர் வேலையே அதுதான். ‘பழகிக்கொள்வேன்’ என்று சொல்லிச் சமாளிக்காதீங்க. உப செயலாளருக்குச் சிங்களமொழிமூலத்தில் எழுத்து நல்ல ஒருவரைச் சேர்த்து, இருவருமாகவே வகுப்புகளுக்குப் போங்க. அறிவித்தல் எல்லாம் ஒரே நாளில் இரண்டு மொழியிலும் வரும் என்று சொல்லுங்க. தமிழில் மூன்று நாள் பிந்தி வாற அறிவித்தலால் விண்ணப்பத் திகதி தவறுறது எங்க பிள்ளைகளுக்குத்தானே.

இன்னொன்று. அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தோடு, அதுதான் அந்தரேயோடு, உங்கள் நிலைப்பாடு என்ன என்று யாராவது கட்டாயம் கேட்பாங்க. வகுப்புப் பகிஷ்கரிப்பு, ஊர்வலம், பகிடிவதை மூன்றிலும் உங்கள் பதில் ஒன்றாக இருக்கணும். சிங்களத்தில் ஒன்று, தமிழில் ஒன்று சொன்னால் அன்று பின்னேரமே ஸ்கிரீன்ஷொட் வந்துடும்.

கொட்டாஞ்சேனை_பெடியன்:
நன்றி அக்கா, அண்ணா. உப செயலாளர் யோசனை எனக்கு வரவே இல்லை. துண்டுப்பிரசுரம் எத்தனை அடிக்கலாம்? முதலாம் வருடத்தவர்களை எங்கே சந்திப்பது?

கிழக்குக்காற்று:
ஏ4 தாளில் நான்கு துண்டு. 600 பேருக்கு 150 தாள், வீணாவதற்கு இன்னும் 15 சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் சிங்களம், மறுபக்கம் தமிழ். கலர் தேவையில்லை. முகம் தெரிகிற கறுப்பு வெள்ளைப் படம், பெயர், பதவி, இரண்டே வாக்குறுதி. மூன்றாவதை யாரும் வாசிப்பதில்லை.

அச்சில் எழுத்துருதான் காலை வாரும். தமிழைப் பாமினியிலும் சிங்களத்தை எஃப்எம் அபயாவிலும் அடித்து வேர்ட் கோப்பாகக் கொண்டுபோனால், கடைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாதபோது பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் குறியுமாக நிற்கும். யூனிகோடில் அடித்து பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். முதலில் ஒரே ஒரு தாள் எடுத்து, சிங்களப் பக்கத்தைச் சிங்களம் தாய்மொழியான ஒருவரிடம் காட்டிய பிறகு மிச்சத்தை அடியுங்கள். மொழிபெயர்ப்பு ஆப் தருவதை அப்படியே போட்டால் பிரசுரமே பகிடியாகிவிடும்.

இதே கவனம் வாக்குச்சீட்டிலும் வேண்டும். தமிழில் ஒரே ‘த’, ஒரே ‘க’. சிங்களத்தில் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் தனித்தனி எழுத்து. சீட்டைத் தட்டச்சு செய்பவர் உங்கள் பெயரை ஊகித்துத்தான் போடுவார். உங்கள் பிரசுரத்தில் ஒரு விதமும் சீட்டில் இன்னொரு விதமுமாக வந்தால் வாக்காளர் தேடுவார். நியமனத்தோடு சிங்கள எழுத்துக்கூட்டலையும் எழுதிக் கொடுங்கள், அச்சுக்கு முன் மாதிரியைக் கேட்டுப் பாருங்கள்.

வெள்ளவத்தை_அக்கா:
முதலாம் வருடத்தவர்களைப் பற்றிக் கேட்டீங்கள். விரிவுரை முடிகிற நேரம், விரிவுரையாளரிடம் முதலே அனுமதி கேட்டு, ஐந்து நிமிடம் கதையுங்கோ. தனியாக ஓரிடத்துக்கு வரச்சொல்லிக் கூப்பிடுவது, ‘வாக்குப் போடாவிட்டால் பார்’ என்று சீனியர் ஒருவர் உங்கட சார்பில் மிரட்டுவது, இதெல்லாம் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டத்துக்குள் போய் விழும். பகிடிவதை ஒன்றுக்கே இரண்டு வருடம் வரை சிறை. பிரசாரம் செய்ய வருகிற கூட்டாளிமாருக்கும் இதைச் சொல்லிவையுங்கோ, அவர்கள் செய்தாலும் பெயர் உங்களுக்குத்தான்.

பதுளைவாசி:
வாக்கு எண்ணும் மேசைக்கு நிதானமான ஒருவரை முகவராகப் போடுங்க, உரத்துக் கத்துறவரை அல்ல. பெட்டியை மூட முன் வெறுமையா என்று எல்லார் முன்னாலும் பார்க்கணும். அச்சடித்த சீட்டு எத்தனை என்று எழுதி வைக்கணும். முடிவில் பெட்டியில் இருந்தது, பழுதானது, பாவிக்காதது மூன்றும் கூட்டினால் அந்த எண்ணே வரணும். புள்ளடி போட்டது மட்டும் செல்லுமா, சரி அடையாளமும் செல்லுமா என்பதை எண்ணத் தொடங்க முன் பேசி எழுத்தில் வாங்குங்க. இரண்டு வாக்கு வித்தியாசம் என்று தெரிந்த பிறகு அதைப் பேசப் போனால் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டாங்க.

கொட்டாஞ்சேனை_பெடியன்:
வென்றால் ஒன்றியக் காசுக்கு நானும் பொறுப்பா?

வெள்ளவத்தை_அக்கா:
காசோலையில் கையெழுத்து அனேகமாகச் சிரேஷ்ட பொருளாளரும் கனிஷ்ட பொருளாளரும்தான். சிரேஷ்டர் விரிவுரையாளர் ஒருவராக இருப்பார். ஆனால் செலவுக்கு அனுமதி கொடுத்த கூட்ட அறிக்கை உங்கட கையால் எழுதினது. பழைய குழுவிடமிருந்து பொறுப்பெடுக்கும்போது அறிக்கைப் புத்தகம், வங்கிக் கூற்று, பற்றுச்சீட்டுக் கோப்பு மூன்றையும் பட்டியல் போட்டு, இரு பக்கமும் ஒப்பம் வைத்து வாங்குங்கோ. புத்தகத்தில் பக்கம் கிழிந்திருந்தால் அந்தப் பக்க இலக்கத்தையும் பட்டியலில் எழுதுங்கோ.