யாழ்ப்பாணத்தில் இருந்து வெளிநாட்டு ரிமோட் வேலை: என்ன பார்த்து எடுக்கிறார்கள்?

கொக்குவில்_பொடியன்:
யாழ் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் முடித்துவிட்டு இங்கேயே ஒரு கொம்பனியில் ரியாக்ட், நோட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவிகளில் புரோகிராம் எழுதுகிறேன். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தால் பதிலே வருவதில்லை. ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட் சேவை) சான்றிதழ் ஒன்று எடுத்தால் சரிவருமா? இல்லை, கொழும்புக்குப் போனால்தான் நடக்குமா?

திருநெல்வேலி_அக்கா:
கொழும்பும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம் தம்பி. நான் திருநெல்வேலியில் இருந்துகொண்டுதான் பெர்லின் நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்கிறேன். இப்போது ஆள் எடுக்கும் வேலையும் என் தலையில்.

முதலில் விளம்பரத்தை வடிவாக வாசியுங்கள். ‘ரிமோட்’ என்று பெரிதாகப் போட்டுவிட்டு, கீழே ‘அமெரிக்காவில் வசிப்பவர்கள் மட்டும்’ என்று சின்னதாக இருக்கும். ஊழியர் இருக்கும் நாட்டின் வரியும் தொழில் சட்டமும் நிறுவனத்தைப் பிடிக்கும், அந்தப் பயம்தான். அப்படியானதற்கு அனுப்பி மினக்கெடாதீர்கள். ஒப்பந்த அடிப்படையில், அல்லது டீல் (Deel) போன்ற, வெளிநாட்டு நிறுவனங்களுக்காக உள்ளூரில் ஆளை எடுத்துச் சம்பளம் கொடுக்கும் நிறுவனங்கள் ஊடாக எடுப்பவர்களைத் தேடுங்கள். நேரத்தையும் பாருங்கள். கோடையில் பெர்லினில் காலை 9 மணி என்றால் நமக்குப் பகல் 12.30, நியூயோர்க்கில் 9 என்றால் நமக்கு மாலை 6.30. கல்யாணம் கட்டினவர்கள் அதை வீட்டிலும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்!

இனி முக்கியமான கதை. நாங்கள் கொடுக்கும் சோதனை, பணம் செலுத்தும் சின்ன ஏபிஐ (மற்றப் புரோகிராம்கள் கோரிக்கை அனுப்பிப் பதில் வாங்கும் வழி) ஒன்று. ஒருவர் ‘பே’ பட்டனை இரண்டு தரம் அமத்தினால் என்ன நடக்கும்? முக்கால்வாசிப் பேர் ஃபிரண்ட்எண்டில், அதாவது பாவிப்பவர் பார்க்கும் பக்கத்தில், பட்டனை முடக்கிவிட்டுப் போய்விடுவார்கள். நெட் விழுந்து, அதே கோரிக்கை தானாகத் திரும்ப வந்தால்? கோரிக்கைக்கு ஒரு தனி இலக்கம் கொடுத்து, டேட்டாபேஸில் அதே இலக்கம் இரண்டு தரம் பதியாதபடி யுனிக் கட்டுப்பாடு போட்டு, இரண்டாம் தரம் வந்தால் பழைய பதிலையே அனுப்ப வேண்டும். இதைச் செய்து, ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று ரீட்மீயில் (புரோகிராமோடு வைக்கும் விளக்கக் குறிப்பு) நாலு வரி எழுதியிருந்தால் நான் உடனே கதைக்கக் கூப்பிடுவேன். ஆங்கிலம் பிழையாக இருக்கட்டும், விளங்கினால் சரி. நீங்கள் கேள்வி கேட்கும் நேரத்தில் அங்கே ஆள் நித்திரையாக இருக்கலாம், அதனால்தான் எழுத்தை இவ்வளவு பார்க்கிறோம்.

மானிப்பாய்_கோடர்:
அக்கா சொல்லாமல் விட்டது வரி. 2025 ஏப்ரல் 1 முதல் இந்த வருமானத்துக்கும் வரி உண்டு. வெளிநாட்டு நாணயமாக இலங்கை வங்கிக்கு வந்தால் உச்ச வரி வீதம் 15%. ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரை விலக்கு. ஒப்பந்தக்காரருக்கு ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கிடையாது, சம்பளம் பேசும்போது அதையும் யோசியுங்கள்.

கொக்குவில்_பொடியன்:
நன்றி அக்கா, அண்ணை. நேர்முகத்தில் இருக்கும்போது கரண்ட் போனால்?

திருநெல்வேலி_அக்கா:
ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ், போனில் டேட்டா. அதோடு சரி. கிட்ஹப்பில் (புரோகிராம்களைப் போட்டு வைக்கும் தளம்) இருக்கும் உங்கள் வேலை ஒன்றின் லிங்கைப் போடுங்கள், ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன். பழகுபவர்கள் எல்லோரும் செய்யும் டூடூ ஆப் (செய்யவேண்டிய வேலைப் பட்டியல்) மட்டும் வேண்டாம்.