பொருள்: குதிரைக்கும் ஊசிக்கும் நடுவே நிற்பதன் பெயர்

குன்னூரிலிருந்து:

வணக்கம். சுழல்துப்பாக்கி (ரிவால்வர்) சொற்பட்டியலில் 'ஹேமர் பிளாக்', 'டிரான்ஸ்ஃபர் பார்' இரண்டுக்கும் 'காப்புப் பட்டை' என்றே போட்டிருக்கிறோம். இரண்டும் குதிரைக்கு, அதாவது பின்னாலிருந்து அடிக்கும் சுத்தியலுக்கு, முன்னால் ஏறி இறங்கும் எஃகுத் துண்டுதானே, ஒரு சொல் போதாதா? எஸ்டேட் பங்களாக்களில் உரிமத்தோடு இருக்கும் பழைய வெப்லி, கோல்ட் சுழல்துப்பாக்கிகளுக்கான பராமரிப்புக் குறிப்பில் சேர்க்கத்தான் கேட்கிறேன்.

கோத்தகிரியிலிருந்து:

போதாது ஐயா. இரண்டின் வேலையும் நேர் எதிர். முதலாவது குறுக்கே நிற்பது; விசையை இழுத்தால்தான் விலகி, குதிரையைத் தோட்டாவரை போகவிடும். இரண்டாவது, விசையை இழுத்தால்தான் மேலே வந்து குதிரையின் அடியை, தோட்டாவைக் குத்தி வெடிக்கச் செய்யும் ஊசிக்குக் கடத்தும். விசையை விட்டதும் இறங்கிவிடும். குதிரை சட்டத்தில் முட்டி நிற்கும், ஊசியைத் தொடாது.

பழுதானால் என்ன ஆகும் என்று பாருங்கள். இரண்டாவது உடைந்தால் துப்பாக்கி வெடிக்காது, அவ்வளவே. முதலாவது உடைந்தாலோ, கெட்டிப்பட்ட கிரீஸில் சிக்கி விலகிய இடத்திலேயே நின்றுவிட்டாலோ, துப்பாக்கி வழக்கம்போல் சுடும்; கைதவறி விழும் நாளில்தான் குட்டு வெளிப்படும். 1944இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் விக்டரி ரகச் சுழல்துப்பாக்கி ஒன்று கப்பல் தளத்தில் விழுந்து வெடித்து அமெரிக்க மாலுமி ஒருவர் இறந்த பிறகுதான் அந்த நிறுவனம் இந்தப் பாகத்தை மாற்றியமைத்தது. ஊட்டியின் ஜனவரிக் குளிரில் கெட்டி கிரீஸை அப்புகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு போதும்.

ஆகவே இடைத்தடை, இடைப்பாலம். பாலம் இல்லையேல் அடி அக்கரை சேராது.

குன்னூரிலிருந்து:

பாலம் நன்று. ஆனால் 'குதிரை' என்பதை விசைக்கும் எழுதுகிறார்களே? வீணையில் தந்தியைத் தாங்குவதும் குதிரைதான்.

உதகையிலிருந்து:

வீணைக்காரர் நம் பட்டியலைப் புரட்ட மாட்டார். விரல் இழுப்பது விசை, பின்னால் ஏறி இறங்குவது குதிரை; அதைக் கறாராகப் பிடிப்போம். குதிரையிலேயே பொருத்திய ஊசிக்கு 'மூக்கு' என்று தனிப்பெயர் வேண்டும். மூக்குள்ள குதிரையென்றால் இடைப்பாலம் கிடையாது, பார்த்ததும் சொல்லிவிடலாம். மறுதலை செல்லாது: 1973க்கு முந்தைய ரூகர் ஒற்றைச் செயல் (ஒவ்வொரு முறையும் குதிரையைக் கையால் ஏற்ற வேண்டிய) துப்பாக்கிகளில் ஊசி சட்டத்தில்தான், ஆனாலும் பாலம் இல்லை. பக்கவாட்டில் மூன்று திருகு தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

சோதனையையும் குறிப்பில் சேருங்கள். தோட்டாக்களை எடுத்துவிட்டு ஒவ்வொரு தோட்டா அறையையும் கண்ணால் பாருங்கள். குழலை வானம் நோக்கிப் பிடித்து, ரப்பர் முனை கீழாக ஒரு பென்சிலைப் போடுங்கள். குதிரையை ஏற்றி விசையை இழுத்தால் பென்சில் துள்ள வேண்டும். விசையை விட்டுவிட்டுக் குதிரையைப் பின்னாலிருந்து கட்டைவிரலால் அழுத்தினால் பென்சில் அசையவே கூடாது. அசைந்தால் இடையில் ஒன்றுமில்லை.

அப்படிப்பட்டதை எடுத்துச் செல்ல ஒரே வழி, குதிரைக்கு நேரே காலி அறை. இதற்கு 'வெற்றறை' என்பேன். 1873 கோல்ட்டில்: ஒன்று போடு, ஒன்று விடு, நான்கு போடு, குதிரையை முழுக்க ஏற்று, மெல்ல இறக்கு. எண்ணிக்கை தவறினால் வெற்றறை இடம் மாறிவிடும். வெப்லி நடுவில் மடிந்து திறப்பது. அதற்கு இந்த எண்ணிக்கை பொருந்தாது. மூடிய பிறகு பக்கவாட்டில் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

வெறும் விசைப் பயிற்சிக்குப் போலித் தோட்டா கட்டாயம். பழைய மூக்குகள் வெறுமனே அடித்தால் முறியும். தோல் உறையில் வைத்துப் பூட்டவும் வேண்டாம். மலை மூடுபனியின் ஈரத்தைத் தோல் இழுத்து வைத்துக்கொள்ளும், துரு உறையின் வடிவத்திலேயே விழும்.

குன்னூரிலிருந்து:

இடைத்தடை, இடைப்பாலம், மூக்கு, வெற்றறை நான்கையும் ஏற்றிவிட்டேன். குதிரை பாதி ஏறி நிற்கும் 'ஹாஃப் காக்' நிலை மட்டும் இன்னும் 'அரைப்பூட்டு' என்றே கிடக்கிறது. பூட்டு என்ற சொல்லை நம்பி அந்த நிலையில் யாராவது தோட்டாவோடு இடுப்பில் செருகிவிடப் போகிறார்கள். அங்கே தாங்குவது மெல்லிய ஒரு பல், விழுந்தால் முறியும். 'அரையேற்றம்' என்று மாற்றட்டுமா?