நாள்பட்ட முதுகுவலிக்கு மெதுவான அசைவுகள்: யாருக்காவது பலன் கிடைத்ததா?

மழைத்துளி:
எட்டு மாதமாகக் கீழ்முதுகில் வலி. நாள் முழுக்க உட்கார்ந்தே செய்யும் வேலை எனக்கு. ஸ்கேனில் முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது, ஆபரேஷன் தேவையில்லை, உடற்பயிற்சி செய்தால் போதும் என்றார்கள். குனிந்து கால்விரலைத் தொடுவது, வயிற்றுத் தசைக்கான பயிற்சி என்று ஆர்வமாகத்தான் ஆரம்பித்தேன். செய்த மறுநாளெல்லாம் படுக்கையைவிட்டு எழவே அரைமணி நேரம் ஆனது. இப்போது கீழே விழுந்த பேனாவை எடுக்கக்கூடப் பயம், மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் குனிகிறேன். உடம்பைக் கவனித்தபடி மெல்ல அசைத்தால் குறையும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். அவ்வளவு சின்ன அசைவு என்ன செய்துவிடும்?

வேப்பமரம்:
அந்தப் பேனாவைப் பற்றிப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கு ஆறு வருடம் இப்படித்தான் போனது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிகிறேன் என்கிறீர்களே, அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். வலி வருமென்று பயந்து குனியும் முன்பே முதுகும் வயிறும் இறுகிவிடுகின்றன. இறுகிய உடம்பை இழுத்தால் அது இன்னும் இறுகும். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு வருடக்கணக்கில் இழுத்தவள்.

எனக்கு உதவியது ஃபெல்டன்கிரைஸ் முறை, உடம்பைக் கவனித்தபடி மெல்ல அசைந்து பழகுவது. அதை உருவாக்கிய மோஷே ஃபெல்டன்கிரைஸ் (1904–1984) இயற்பியல் படித்தவர், ஜூடோ கற்பித்தவர். முழங்கால் கெட்டுப்போனபோது, ஆபரேஷனை நம்பாமல், தான் எப்படி அசைகிறோம் என்று கவனித்துக் கவனித்தே நடக்கப் பழகியவர்.

நான் முதலில் கற்றதைச் சொல்கிறேன். தரையில் விரிப்புப் போட்டு மல்லாந்து படுங்கள். முழங்காலை மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்றுங்கள். இடுப்பின் பின்பக்கம் ஒரு கடிகாரம் வரைந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். 12 இடுப்புக்கு மேலே, தலைப்பக்கம். 6 வால் எலும்பில். எடையை மெல்ல 12 பக்கம் உருட்டினால் கீழ்முதுகு தரையோடு படியும். 6 பக்கம் உருட்டினால் அங்கே சின்ன இடைவெளி விழும். அவ்வளவுதான்.

பாதத்தால் உந்தக் கூடாது, வயிற்றை இறுக்கக் கூடாது. மூச்சு நின்றால் அசைவு பெரிதாகிவிட்டது என்று அர்த்தம், பாதியாகக் குறையுங்கள். அப்போதும் நின்றால் அதிலும் பாதி. ஏழெட்டு முறை போதும். பிறகு காலை நீட்டிப் படுத்து, முதுகு தரையில் படும் விதம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஓய்வைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், எனக்குப் பாதி மாற்றம் அதில்தான் கிடைத்தது.

சின்ன அசைவு என்ன செய்யும் என்று கேட்டீர்கள். இரைச்சலான அறையில் கைக்கடிகாரத்தின் சத்தம் கேட்காது. தசைகள் பெரிய வேலை செய்யும்போதும் அப்படித்தான், எங்கே தேவையில்லாமல் இறுக்குகிறோம் என்பது தெரியவே தெரியாது. முயற்சியைக் குறைத்தால் தெரியும். தெரிந்தால்தான் விட முடியும். எனக்கு வலி ஒரேயடியாகப் போய்விடவில்லை. ஆனால் குனியும்போது பயம் இல்லை.

நிதானம்:
நான் பிசியோதெரபிஸ்ட். அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்ற வார்த்தையே உங்களைப் பயமுறுத்தியிருக்கும். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை ஆராய்ந்த ஆய்வுகளை 2015இல் தொகுத்துப் பார்த்தார்கள். 20 வயதினரிலேயே சுமார் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது, 80 வயதினரில் 84 சதவீதம். ஸ்கேனில் தெரிவதுதான் வலிக்கு முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. மூன்று மாதத்தைத் தாண்டிய வலியில் நரம்பு மண்டலமே கூர்மையாகி, ஆபத்தில்லாத அசைவுக்கும் எச்சரிக்கை மணி அடிக்கலாம். பயமில்லாத அசைவுகளைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் அது மெல்லத் தணியும். இதோடு தினமும் கொஞ்சம் நடங்கள்.

ஆனால் சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லை, தொடை இடுக்கில் மரத்துப்போகிறது, காலில் பலம் குறைகிறது என்றால் எந்த அசைவும் வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ சேர்ந்தாலும் டாக்டரிடம் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

மழைத்துளி:
நீங்கள் சொன்ன அறிகுறிகள் எதுவும் இல்லை சார், நன்றி. அக்கா, நான்கு நாளாகச் செய்கிறேன். முதல் நாள் எதுவுமே தெரியவில்லை. இரண்டாம் நாள்தான் கவனித்தேன், இடுப்பை உருட்டும்போதெல்லாம் தாடையை இறுக்குகிறேன். தாடையை விட்டதும் இடுப்பு தானாகவே கொஞ்சம் அதிகம் உருண்டது. நேற்று 3, 9 பக்கமும் முயன்றேன். 9 பக்கம் வழுக்கிக்கொண்டு போகிறது, 3 பக்கம் பாதியிலேயே தடைபடுகிறது. அதைக் கொஞ்சம் அழுத்திப் பழக்கலாமா?

வேப்பமரம்:
வேண்டாம். சுலபமாக வரும் 9 பக்கமே பத்து முறை செய்யுங்கள். அப்புறம் அசையாமல் படுத்து, 3 பக்கம் போவதாக மனதில் மட்டும் நாலைந்து முறை நினைத்துப் பாருங்கள், தாடை இறுகுகிறதா என்று கவனித்தபடியே. அதன்பிறகு ஒரே ஒரு முறை நிஜமாக 3 பக்கம் உருட்டிப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.