போஸ்ட்கிரஸ் ட்ரிக்கரிலிருந்தே எஸ்எம்எஸ் அனுப்பலாமா?

பாம்பன்காரன்: மண்டபத்தில் மீன் ஏலக் கணக்கு மென்பொருள் ஒன்று செய்கிறேன். விலை பதிவானதும் படகுக்காரருக்கு எஸ்எம்எஸ் போகணும். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் பதிவு விழுந்ததும் தானாக ஓடும் ட்ரிக்கருக்குள்ளேயே, வெளிச் சர்வர்களை அழைக்கும் ஹெச்டிடிபி எக்ஸ்டென்ஷனால் எஸ்எம்எஸ் சேவையை அழைத்துவிட்டால் தனி சர்வர் எதற்கு?

தொண்டி_டேட்டா: வேண்டாம் அண்ணே. பதில் வரும்வரை, அந்தப் பதிவை எழுதும் டிரான்சாக்‌ஷன் பூட்டுகளோடு அப்படியே காத்துக் கிடக்கும், காற்றடித்து நெட் போனால் ஏலப் பதிவும் நின்றுபோகும். அதைவிட மோசம், பதிவு ரத்தாகி ரோல்பேக் ஆனாலும் போன எஸ்எம்எஸ் திரும்பாது.

கீழக்கரை_கோடர்: அனுப்ப வேண்டியதை அவுட்பாக்ஸ் டேபிள் ஒன்றில் எழுதி வையுங்கள், வெளியே ஒரு சின்ன பைதான் ஸ்கிரிப்ட் எடுத்து அனுப்பட்டும். இரண்டு ஸ்கிரிப்ட் ஓடினால் போஸ்ட்கிரஸ் 9.5 முதல் இருக்கிற ஸ்கிப் லாக்டு போதும், ஒன்று பூட்டி எடுத்த வரிகளை மற்றது தாண்டிப் போகும்.

பாம்பன்காரன்: சரி, பின்னணியில் ஹெச்டிடிபி அழைப்பு அனுப்பும் பிஜி_நெட் எக்ஸ்டென்ஷன் எப்படி?

தொண்டி_டேட்டா: அது பதிவு உறுதியாகி கமிட் ஆன பிறகுதான் அனுப்பும், பரவாயில்லை. ஆனால் தோற்றுப்போனதை மறுபடி அனுப்புவது உங்கள் தலையில்தான்.