அரேயை நகலெடுத்த பிறகும் மூலத்தின் கடைசி விலை மாறுவது ஏன்?

கேள்வி (காரைக்குடி):
அனைவருக்கும் வணக்கம். ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கும் என் சித்தப்பாவின் பட்டறைக்காகப் பிஎச்பி என்ற நிரல்மொழியில் விலைப்பட்டியல் ஒன்று எழுதுகிறேன். $விலை என்ற அரேயில் (பல மதிப்புகளை வரிசையாக வைத்திருக்கும் மாறியில்) 50, 60, 80 என மூன்று விலைகள் இருந்தன. ஒவ்வொன்றையும் 5 ரூபாய் உயர்த்துவதற்காக உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் ஃபார்ஈச் சுற்றில் $ஒன்று என்ற மாறிக்கு முன்னால் & குறியிட்டேன்; 55, 65, 85 என்று சரியாகவே வந்தன. பிறகு வெளியூர்க்காரர்களுக்காக $வெளியூர் = $விலை என நகலெடுத்து, லாரி வாடகைக்காக நகலில் மட்டும் 10 ரூபாய் கூட்டினேன். மூலத்தில் முதல் இரண்டும் அப்படியே இருக்க, கடைசி விலை 95 ஆகிவிட்டது. அந்த விலையிலேயே உள்ளூர்க்காரர் ஒருவருக்கு ரசீதும் போய்விட்டதால் மிகவும் சங்கடமாக இருக்கிறது. அரே மதிப்பாகத்தான், அதாவது தனிப் பிரதியாகத்தான், நகலாகும் என்று படித்திருக்கிறேனே?

பதில் (தேவகோட்டை):
தம்பி, நீங்கள் படித்தது சரிதான். ஆனால் அரேயின் ஓர் உறுப்பு & குறியால் ரெஃபரன்ஸாக, அதாவது வேறொரு மாறியோடு ஒரே இடத்தைப் பகிர்வதாக, இருந்தால், நகலிலும் அது ரெஃபரன்ஸாகவே போய்ச் சேரும். சுற்று முடிந்த பின்பும் $ஒன்று மறைவதில்லை. கடைசி உறுப்பைப் பிடித்தபடியே நிற்கிறது. முதல் இரண்டையும் விட்டு அது நகர்ந்துவிட்டதால், அவை வெறும் எண்களாக நகலாயின. பேரேட்டின் ஒரு வரியில் தொகைக்குப் பதிலாகத் ‘தனிச்சீட்டில் காண்க’ என்றிருந்தால், படியெடுக்கும் கணக்குப்பிள்ளை அதையே எழுதுவார்; சீட்டில் தொகையைத் திருத்தினால் இரண்டு பேரேடுகளும் சேர்ந்தே மாறும்.

நகலெடுக்கும் முன் மாறியில் இருப்பதைக் காட்டும் வார்_டம்ப் கட்டளையை $விலைக்குப் போட்டுப் பாருங்கள்; கடைசி எண்ணுக்கு முன்னால் மட்டும் & தெரியும். சுற்று முடிந்தவுடன், மாறியை நீக்கும் அன்செட்($ஒன்று) என்று எழுதினால் பிடி விடுபடும். நகலில் விலையைக் கூட்டிய பிறகு எழுதினால் பயனில்லை; அதற்குள் இரண்டு அரேக்களும் அந்த ஒரே இடத்தைப் பகிர்ந்துகொண்டிருக்கும்.

பதில் (பள்ளத்தூர்):
விலையை உயர்த்த & குறியே தேவையில்லை என்பது என் கருத்து. சுற்றில் $எண் என்ற சாவியையும் (உறுப்பின் இட எண்ணையும்) வாங்கிக்கொண்டு, $விலை[$எண்] = $ஒன்று + 5 என்று எழுதினால் போதும். அரேயில் எண்களுக்குப் பதிலாக ஆப்ஜெக்டுகள் (பல விவரங்களைச் சேர்த்து வைத்த பொருள்கள்) இருந்தால் அன்செட்டும் உதவாது. ஒவ்வொன்றையும் குளோன் செய்து, அதாவது தனிப் பிரதி எடுத்துத்தான் ஆக வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழி பழகியவர்களுக்கும் ஒரு சொல்: அங்கே = குறி அரேயை நகலெடுப்பதே இல்லை, ஒரே அரேக்கு இரண்டாவது பெயரைத்தான் தருகிறது.

கேட்டவர்:
சுற்றுக்கு அடுத்த வரியிலேயே அன்செட் எழுதினேன். மூலத்தில் 85, நகலில் 95 என்று வருகிறது. ரசீதையும் திருத்திக் கொடுத்துவிட்டேன். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.