மறு: பாலிஜெனிக் ஸ்கோர் – தமிழில் எது பொருந்தும்?

வணக்கம். நம் கலைச்சொல் குழுவில் இப்போது பெயர் தேடுவது பாலிஜெனிக் ஸ்கோருக்கு: ஒருவரின் பல மரபணு இடங்களின் சிறு சிறு விளைவுகளைக் கூட்டி, ரத்தக் கொழுப்பு போன்ற ஒன்றில் அவர் பிறவியிலேயே எந்தப் பக்கம் சாய்கிறார் என்று சொல்லும் எண்ணுக்கு.

> "பன்மரபணு மதிப்பெண் என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியும்." – கீழக்கரை காக்கா (அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்)

புரியும் காக்கா, தப்பாகப் புரியும். நான் லேப்பில் ரிப்போர்ட் கொடுக்கிறவன். இந்தச் சோதனை இன்னும் எங்கள் பக்கம் வரவில்லை. வந்த பிறகு, "மதிப்பெண் கூட வந்திருக்கு ஆச்சி" என்று பாம்பனிலிருந்து வருகிற கிழவியிடம் சொன்னால் பேரனுக்குப் போன் போட்டுச் சந்தோஷப்படும். மதிப்பெண் படித்து வாங்குவது, கூடினால் நல்லது. இதுவோ கருவிலேயே வந்தது, எல்டிஎல் (கெட்ட கொலஸ்டிரால்) கணக்கில் கூடினால் கவலை.

> "கொழுப்புப் போக்கெண்?" – தொண்டி ஆசிரியர்

ஐயா, கொழுப்பு மட்டும் வேண்டாம். "உங்க குடும்பத்துக்கே கொழுப்பு" என்று ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொன்னால் அடிதடி ஆகும். வேடிக்கை கிடக்கட்டும். கொழுப்பு என்றதுமே எல்லாருக்கும் சோற்றுத் தட்டுதான் கண்ணில் நிற்கிறது. கடலுக்குப் போகிற, வயிறு ஒட்டிய ஆளுக்கு எல்டிஎல் 200-ஐத் தாண்டி வரும். "சூடைமீனும் சோறும்தானே திங்கிறேன்" என்பார். பொய்யில்லை. அவர் ரத்தத்தைச் சுழற்றி எடுத்தால் மேலே நிற்கிற சீரம் தெளிந்த மஞ்சளாக, குற்றம் சொல்ல ஒன்றுமில்லாமல் இருக்கும். டிரைகிளிசரைடு என்கிற இன்னொரு ரத்தக் கொழுப்பு எக்கச்சக்கமாக ஏறியவரின் குழாய்தான் வெள்ளையாகக் கலங்கி நிற்கும். எல்டிஎல் கண்ணுக்குக் காட்டிக்கொடுக்காது.

அப்படிப்பட்டவரிடம் ஒற்றை மரபணுக் கோளாறு இருக்கலாம். ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை ஈரல் இழுத்துக்கொள்ள உதவும் ஏற்பி பெரும்பாலும் பழுதாகியிருக்கும். சிலருக்குக் குதிகால் தசைநாணில் முண்டு தட்டும். உலக அளவில் 250 முதல் 300 பேருக்கு ஒருவரிடம் இந்தக் கோளாறு உண்டு. அதற்கு 'குடும்பவழி மிகைக்கொலஸ்டிரால்' என்று ஏற்கெனவே முடிவு செய்தாயிற்று, கிளற வேண்டாம். இப்போது பெயர் தேடுவது வேறொன்றுக்கு. நூற்றுக்கணக்கான மரபணு இடங்கள் ஒவ்வொன்றும் கொஞ்சம் கூட்டியும் கொஞ்சம் குறைத்தும் ஒருவரை ஒரு பக்கம் சாய்க்கின்றனவே, அந்தக் கூட்டுத்தொகைக்கு.

என் முன்மொழிவு: வாகெண். "அவன் உடல்வாகு அப்படி, என்ன தின்னாலும் ஏறாது" என்று தினமும் சொல்கிறோம். பிறவியிலேயே வந்தது என்பதும், அதுவே தலையெழுத்து ஆகிவிடாது என்பதும் வாகு என்ற சொல்லில் சேர்ந்தே இருக்கின்றன. வாகு + எண் = வாகெண்; புணர்ச்சியும் உறுத்தவில்லை. எல்டிஎல் வாகெண், டிரைகிளிசரைடு வாகெண் என்று நீட்டலாம். பொதுவாகச் சொல்லக் கொழுமிய வாகெண். லிப்பிடுக்குக் கொழுமியம் இணையத்தில் புழங்குகிறது, அதுவே இருக்கட்டும்.

> "யாருடைய ரத்தத்தில் போட்ட கணக்கு என்பது தெரிய வேண்டாமா?" – தங்கச்சிமடம் டாக்டர் அக்கா

கட்டாயம் தெரிய வேண்டும் அக்கா. 2021-இல் 'நேச்சர்' இதழில் வந்த பெரிய கொழுமிய ஆய்வில் சுமார் 16.5 லட்சம் பேர். அதில் ஐரோப்பியர் அல்லாதவர் ஏறக்குறைய 3.5 லட்சம். பல மக்களையும் சேர்த்துப் போட்ட கணக்குத்தான் எல்லாருக்கும் நன்றாகப் பொருந்தியது என்பது அதன் முக்கியமான முடிவு.

ஒரு மக்களை மட்டும் பார்த்தால் எதை இழப்போம் என்பதற்குப் பிசிஎஸ்கே9 மரபணு போதும். இதன் புரதம் ஈரலின் எல்டிஎல் ஏற்பிகளை அழிவுக்கு அனுப்புவது. 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் கறுப்பினத்தவரில் 2.6 சதவீதம் பேரிடம் இந்த மரபணுவின் ஒரு பிரதி செயலிழந்திருந்தது. அவர்களுக்கு எல்டிஎல் 28 சதவீதம் குறைவு, இதயத் தமனி நோய் 88 சதவீதம் குறைவு. வெள்ளையரிடம் இருந்தது வேறொரு மாற்றம். எல்டிஎல் 15 சதவீதம்தான் குறைந்திருந்தது. அந்தப் புரதத்தைத் தடுக்கும் ஊசிகள் 2015-இல் அனுமதி பெற்றன.

ஆகவே ஆன்செஸ்ட்ரி, அதாவது ஒருவரின் முன்னோர் எந்த மக்களிலிருந்து வந்தவர்கள் என்பதற்கும் சொல் வேண்டும். இனம் என்றால் தோல் நிறத்துக்குப் போய்விடும். வகையறா நல்ல சொல்தான், ஆனால் நம் கரையில் "எந்த வகையறா?" என்று கேட்டால் பதில் சாதியில் போய் முட்டும். குடிவழி என்று வைக்கிறேன். 'ஐரோப்பியக் குடிவழித் தரவில் கணித்த எல்டிஎல் வாகெண்' என்று முழுசாக எழுத வேண்டும். நீளம்தான், பரவாயில்லை.

தெற்காசியரிடம் எச்டிஎல் (நல்ல கொலஸ்டிரால்) குறைவாகவும் டிரைகிளிசரைடு கூடுதலாகவும் பரவலாக இருப்பதை வைத்து எல்லாவற்றையும் வாகின் தலையில் கட்டிவிடவும் கூடாது. தொதல் இனிப்புத் தட்டு காலியாவதில் குடிவழிக்குப் பங்கில்லை, காக்கா கோபிக்க வேண்டாம்.

'வாகான இடம்' என்பதில் வாகுக்கு வசதி என்ற பொருள் உண்டே என்று ஆசிரியர் கேட்பார். உண்டு ஐயா, ஆனால் எண்ணோடு சேர்ந்தபின் அந்தக் குழப்பம் வருமென்று தோன்றவில்லை. ஞாயிறு வரை மறுப்பு வராவிட்டால் வாகெண், குடிவழி இரண்டையும் நம் சொற்பட்டியல் கோப்பில் ஏற்றுகிறேன். அடுத்தது ரிஸ்க் அலீல், அதாவது நோய் வாய்ப்பைக் கூட்டும் மரபணு வடிவம். அதற்குக் காக்காவே முதலில் எழுதட்டும்.