நீச்சல் குளத்தைப் பார்த்துப் பள்ளியைத் தேர்ந்தெடுத்த கதை

வெளிநாடு போனபோது பிள்ளைகளுக்குப் பள்ளி தேடிய கதையை இங்கே ஆளுக்கொன்றாகச் சொல்கிறோம். முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் கூச்சமில்லாமல் தங்களுடையதைச் சொல்ல அது உதவும். கணவருக்கு வெளிநாட்டில் வேலை உறுதியானபோது புறப்பட ஆறு வாரம்தான் இருந்தது. மகளுக்கு வயது 14. இரவெல்லாம் பள்ளிகளின் இணையதளங்களைப் பார்த்து, நீலமாக மின்னிய ஒரு நீச்சல் குளத்தில் மயங்கி, ஓர் இன்டர்நேஷனல் பள்ளிக்கு முன்பணம் கட்டிவிட்டேன். மகளுக்கு நீச்சல் தெரியாது.

அங்கே கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ பாடத்திட்டம் (நம் பத்தாம் வகுப்புத் தேர்வு மாதிரி, பதினாறு வயதையொட்டி எழுதுவது). அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது பொதுவாக இரண்டு ஆண்டுப் படிப்பு, தேர்வு கடைசியில்தான் வரும். கணவரின் ஒப்பந்தமோ 14 மாதத்தில் முடிந்துவிட்டது. அடுத்துப் போன நாட்டில் தேர்வு வாரியமே வேறு. அவள் எடுத்திருந்த பாடங்களில் இரண்டு அங்கே இல்லை. பாதிக் கிணறு தாண்டிய கதைதான். ஒரு வகுப்பு கீழே இறங்கி உட்கார்ந்தாள். இந்த ஊரில் எத்தனை நாள் இருப்போம் என்று கணவரின் அலுவலகத்தில் கேட்க வேண்டிய நேரத்தில், பள்ளியில் பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

*

தோழி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 'இன்டர்நேஷனல்' என்ற சொல்லைப் பல நாடுகளில் யார் வேண்டுமானாலும் பெயர்ப்பலகையில் எழுதிக்கொள்ளலாம். ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலாரியேட் என்ற பன்னாட்டுப் பாடத்திட்டம்) பள்ளி என்று சொன்னால், 1968இல் ஜெனீவாவில் தொடங்கிய ஐபி அமைப்பின் இணையதளத்திலேயே பள்ளியின் பெயரைத் தேடிப் பார்த்துவிடுங்கள். அங்கீகாரம் பெற்ற பள்ளி வேறு, விண்ணப்பித்துக் காத்திருக்கும் பள்ளி வேறு.

எங்கள் கதை ஜெர்மனியில் நடந்தது. கட்டணப் பள்ளி வேண்டாம், உள்ளூர்ப் பள்ளியில் சேர்ந்தால் மொழி தானாக வந்துவிடும் என்று வீட்டில் வாதாடியவன் நான்தான். மகனுக்கு எட்டரை வயது, மூன்றாம் வகுப்பு. எட்டு மாதத்தில் விளையாட்டுத் திடலில் ஜெர்மனில் சண்டை போடும் அளவுக்கு வந்துவிட்டான். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். ஆனால் கணக்கில் மட்டும் மதிப்பெண் விழுந்துகொண்டே போனது. "கணக்கு தெரியும் அப்பா, கேள்விதான் புரியவில்லை" என்றான். பேச்சுமொழி இரண்டு ஆண்டுகளில் கைவந்தாலும், பாடம் படிக்கத் தேவையான மொழி வகுப்புத் தோழர்களின் அளவுக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகலாம் என்று ஜிம் கம்மின்ஸ் என்ற ஆய்வாளர் எழுதியிருப்பதைப் பிறகுதான் படித்தேன்.

அந்த நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததுமே பிள்ளைகளை வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்துவிடுவார்கள். பெர்லினிலும் பிராண்டன்பர்கிலும் ஆறாம் வகுப்பு வரை பொறுப்பார்கள். எங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு நேர்வழி 'கிம்னாசியம்' (உடற்பயிற்சிக்கூடம் என்று நினைத்து என் அம்மா பதறிவிட்டார்). அவனுக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று ஆசிரியை சொன்னார். அன்று கோபம் வந்தது. இப்போது யோசித்தால், மொழியைத்தான் அளந்தார்கள், பையனை அல்ல. எல்லா வகை மாணவர்களும் சேர்ந்து படிக்கும் 'கெஸாம்ட்ஷூலே' ஒன்றில் சேர்த்தோம். அங்கிருந்தும் பல்கலைக்கழக நுழைவுக்கான தேர்வை எழுதும் வழி திறந்திருக்கிறது. குழந்தை எந்த வயதில் போகிறது என்பதைப் பாருங்கள். ஆறு வயதில் போயிருந்தால் இந்தக் கதையே இல்லாமல் போயிருக்கலாம்.

*

நாங்கள் இங்கிலாந்து. சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே வகுப்பைப் பிறந்த தேதிதான் முடிவு செய்கிறது, பிள்ளை முன்பு எந்த வகுப்பில் படித்தது என்பது அல்ல. செப்டம்பர் 1 எல்லைக்கோடு. என் மகள் ஆகஸ்ட் 29. மூன்று நாள் தாமதமாகப் பிறந்திருந்தால் வகுப்பிலேயே மூத்தவளாக இருந்திருப்பாள். இப்போது எல்லோரையும்விடச் சின்னவள். இன்னொன்று, அரசுப் பள்ளிகளில் இடம் கொடுக்கும்போது வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரத்தையும் பெரும்பாலும் பார்ப்பார்கள். பள்ளியைத் தேடிவிட்டு வீடு பார்ப்பதா, வீடு பிடித்துவிட்டுப் பள்ளி தேடுவதா என்று நாங்கள் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டோம்.

*

மீண்டும் நான், நீச்சல் குளக்காரி. இரண்டாவது பள்ளியைத் தேர்ந்தெடுத்தது நானில்லை. சுற்றிக்காட்ட ஒரு மாணவியை அனுப்பியிருந்தார்கள். ஆய்வுக்கூடம், நூலகம் எல்லாம் பார்த்து முடித்ததும் என் மகள் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "மதிய இடைவேளையில் புதிதாக வருகிறவர்கள் எங்கே உட்காருவார்கள்?" அந்தப் பெண் சற்று விழித்துவிட்டு, "நானே போன மாதம்தான் வந்தேன்" என்றாள். இருவரும் என்னை அங்கேயே விட்டுவிட்டு உணவுக்கூடத்தைப் பார்க்கப் போய்விட்டார்கள்.